ஆடு தின்ற தொப்பி

"அது அழுகைப் படம்!"

"இல்ல, சிரிப்புப் படம்!"

"நான் சொல்றதைக் கேளு..."

"நீ முதல்ல நான் சொல்றதைக் கேளு! எல்லாரும் கட்டிப் பிடிச்சாங்க, பாடினாங்க, கையை ஆட்டினாங்க..."

"பிரிஞ்சு போறப்ப கையை ஆட்டாம, காலையா ஆட்டுவாங்க?"

"அந்த வயசானம்மாவோட தொப்பியை ஆடு தின்னுச்சே! அதுக்கும் நீ அழுவியா?"

"எந்தத் தொப்பி? அந்தப் படத்துல தொப்பியே கிடையாது!"

"நீ படம் பாத்தியா, தூங்கினியா?"

"ஒரு வரி விடாம பாத்தேன். நீதான் கனவு கண்டிருக்கே!"

தபால் பெட்டிகளுக்கு எதிரே நின்று இப்படிக் கத்திக்கொண்டிருந்தவர்கள் காலினாவும் ஈவோவும். இருவருக்கும் பத்து வயது. மூன்றாவது மாடியில் எதிரெதிர் வீடு. லுப்லின் நகரத்தில் எங்கள் கட்டடத்தின் படிக்கட்டில் எந்த ரகசியமும் தங்காது. கீழே ஒருவர் தும்மினால், நாலாவது மாடியிலிருந்து "உடம்பைப் பாத்துக்கோங்க!" என்று குரல் வரும்.

சண்டைக்குக் காரணம், தபால் பெட்டிகளுக்கு மேலே ஒட்டியிருந்த ஒரு நீளமான தாள். 'இன்று என்ன பார்க்கலாம்?' என்பது அதன் தலைப்பு. படம், தொடர், ஆவணப்படம் என்று யார் வீட்டில் எதைப் பார்த்தாலும் அதில் எழுதலாம். படத்தின் பெயர், வீட்டு எண், எத்தனை நட்சத்திரம், ஒரு வரி கருத்து. அவ்வளவுதான்.

தாளை ஒட்டியவர் முதலாம் எண் வீட்டு தனூதா அத்தை. "ஆயிரம் படம் இருக்கு. எதைப் பாக்கலாம்னு தேடறதுக்குள்ள சூப் ஆறிடுது. பாத்தவங்க சொன்னா பாக்காதவங்க பிழைச்சுக்குவாங்க" என்பார்.

அந்தத் தாளில் ஈவோ எழுதியிருந்தது இது: 'ஏழு ஆடுகளும் ஒரு படகும். வீடு 10. ஐந்து நட்சத்திரம். ஜாலி. கடைசிவரை சிரிப்பு.'

அதற்குக் கீழே சிவப்புப் பேனாவில் காலினா எழுதியிருந்தாள்: 'பொய்! கைக்குட்டையோடு உட்காரவும்.'

"சிரிப்பாமே, சிரிப்பு!"

இது மூன்றாவது குரல். குப்பைக் கூடையோடு படியிறங்கி வந்த லெஷெக் மாமா, கூடையைத் தரையில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"போன சனிக்கிழமை என் பெயர்நாள். என் பேர் வெச்ச புனிதரோட நாள், பிறந்தநாளை விடப் பெரிசாக் கொண்டாடுவேனே! கிதினியாவுல இருந்து என் தங்கச்சி குடும்பத்தோட வந்திருந்தா. 'ஜாலியா ஒரு படம் போடுண்ணே'ன்னு கேட்டா. நான் இந்தத் தாளை நம்பினேன். என்ன ஆச்சு தெரியுமா?"

ஈவோ தாளைத் திரும்பிப் பார்த்தான்.

"தீவுல பள்ளிக்கூடத்தை மூடிட்டாங்க. அதனால அந்தக் குடும்பம் ஆட்டையெல்லாம் வித்துட்டு, வீட்டைப் பூட்டிட்டு, ஒரேயடியா ஊரை விட்டே போகுது. இதுதான் படம். என் தங்கச்சி போன மாசம்தான் எங்க அப்பா கட்டின வீட்டை வித்தா. கேக்கை அப்படியே வெச்சுட்டு சமையல் ரூம்ல போய் உக்காந்து அழுதா. பெயர்நாள் அன்னிக்கு!"

ஈவோவின் முகம் வெளுத்துவிட்டது.

"வீட்டைப் பூட்டிட்டா போனாங்க?" என்றான் மெதுவாக.

"பாத்தவன் நீதானே? என்னைக் கேக்கறே!"

சத்தம் கேட்டு தனூதா அத்தை கதவைத் திறந்தார். கையில் சாவிக்கொத்து. எங்கள் படிக்கட்டின் எல்லாச் சாவியும் அவரிடம்தான்.

"தனூதா, சொல்லிட்டேன்" என்றார் லெஷெக் மாமா. "பசங்க எழுதறதை நிறுத்துங்க. பெரியவங்க மட்டும் எழுதட்டும்."

"நான் இதுவரைக்கும் இருபத்து மூணு படத்துக்கு எழுதியிருக்கேன்!" என்று பதறினாள் காலினா. "ஒண்ணு கூட தப்பா எழுதலை!"

"ஒரு அழுகின ஸ்ட்ராபெரி இருந்தா கூடையையே பாத்துத்தான் வாங்கணும்."

"இருங்க, இருங்க" என்றார் தனூதா அத்தை. "இந்த சனிக்கிழமை துணி உலர்த்தற ரூம்ல நாம எல்லாரும் சேர்ந்து பாக்கப் படம் போடற முறை பத்தாம் நம்பர் வீட்டுக்கு. ஈவோதான் படம் சொல்லியிருக்கான். படம் முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் அவன் கருத்தைச் சொல்லட்டும். அவன் பாத்த படமும் நாம பாத்த படமும் ஒண்ணா இருந்தா, பசங்க எப்பவும் போல எழுதட்டும்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா பசங்க பேனா இந்தத் தாளைத் தொடாது. சரியா?"

"சரி" என்றார் லெஷெக் மாமா.

"எல்லாப் பசங்க பேனாவுமா?" என்றாள் காலினா.

"எல்லாப் பசங்க பேனாவும்தான்."

காலினா திரும்பிப் பார்த்தாள். ஈவோ அங்கே இல்லை. மேலே அவன் வீட்டுக் கதவு சாத்தப்படும் சத்தம் மட்டும் கேட்டது.

காலினாவுக்குக் கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தைக் குடைந்துகொண்டு ஒரு கேள்வி உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

'வீட்டைப் பூட்டிட்டா போனாங்க?' என்று ஏன் கேட்டான்?

படத்தையே பார்க்காமல் எழுதிவிட்டானோ? அப்படியும் இல்லை. கட்டிப்பிடித்தார்கள், பாடினார்கள், கையை ஆட்டினார்கள் என்று சொன்னானே. அதெல்லாம் படத்தில் இருக்கிறது. ஆக, பார்த்திருக்கிறான். ஆனால் அவர்கள் ஊரை விட்டுப் போகிறார்கள் என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. படம் முழுக்க அதைத்தானே பேசுகிறார்கள்? அது எப்படித் தெரியாமல் போகும்?

அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். தாளில் ஈவோ எழுதியிருந்த எல்லா வரிகளையும் எழுதிக்கொண்டாள். மொத்தம் பதினொன்று. எல்லாமே குட்டிக் குட்டி வரிகள். நாலு சொல்லுக்கு மேல் அவன் எழுதியதே இல்லை.

சமையலறையில் அம்மா உருண்டைக் கொழுக்கட்டைக்காக ஸ்ட்ராபெரியின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். காலினா மேசையின் மறுமுனையில் அம்மாவின் டேப்லெட்டோடு உட்கார்ந்தாள்.

"என்ன வீட்டுப்பாடம்?"

"வீட்டுப்பாடம் இல்லம்மா. துப்பறியறேன்."

"கண்டுபிடிச்சதும் அந்தத் தட்டுங்களைக் கழுவிடு."

காலினா ஒவ்வொரு படமாகத் தேடினாள். 'மூன்றாம் நடைமேடை' என்ற துப்பறியும் தொடர். அதற்கு ஈவோ எழுதியிருந்தது: 'டிக்கெட் பரிசோதகர்தான் திருடன்.' அதைப் படித்துவிட்டுப் படிக்கட்டே அவனைத் திட்டியது. ஆனால் சொன்னது சரி. விண்வெளிப் படத்துக்கு எழுதியதும் சரி. ஒரு கொரியத் தொடருக்கு 'எல்லாரும் கோபக்காரர்கள்' என்று எழுதியிருந்தான். அது தப்பு. அவர்கள் ஒருவரை ஒருவர் கிண்டல்தான் செய்துகொண்டிருந்தார்கள். திமிங்கிலப் படத்துக்கு 'கேப்டன் மகிழ்ச்சி' என்று எழுதியிருந்தான். அதுவும் தப்பு. கேப்டனின் கப்பலில் எண்ணெய் தீர்ந்து போயிருந்தது.

ஏழு சரி. நாலு தப்பு.

தப்பான நாலு படத்தையும் அவள் மறுபடி திறந்தாள். மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தைத் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

நாலுக்கும் லெக்டர் இல்லை. சரியான ஏழையும் தட்டிப் பார்த்தாள்; ஏழுக்கும் லெக்டர் இருந்தார்.

எங்கள் ஊரில் வெளிநாட்டுப் படம் என்றால் லெக்டர் உண்டு. லெக்டர் ஒரே ஆள்தான். கதாநாயகி பேசினாலும், கொள்ளைக்காரன் பேசினாலும், குழந்தை பேசினாலும் அத்தனையையும் அவரே நம் மொழியில் படிப்பார். அதுவும் ரயில் நேரத்தைப் படிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாத ஒரே குரல். அந்தக் குரலுக்குப் பின்னால் அவர்களுடைய சொந்தக் குரல்களும் மெல்லக் கேட்டுக்கொண்டிருக்கும். லெக்டர் இல்லாத படங்களுக்கு, அடியில் எழுத்து மட்டும் ஓடும்.

லெக்டர் படித்த படங்களை எல்லாம் ஈவோ சரியாகச் சொல்லியிருக்கிறான். எழுத்து ஓடிய படங்களை எல்லாம் தப்பாகச் சொல்லியிருக்கிறான்.

"ஆ!" என்றாள் காலினா.

"கண்டுபிடிச்சிட்டியா? தட்டு."

காலினா அசையவில்லை. வேறொன்றும் அவள் நினைவுக்கு வந்தது. மார்ச் மாதம் அந்தத் தாளின் ஓரத்தில் அவளே பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்: 'லெக்டர் எல்லாம் தாத்தாக்களுக்கு! எழுத்துப் போட்டுப் பார்ப்பவரே உண்மையான ரசிகர்!' பக்கத்தில் ஒரு கிரீடம்கூட வரைந்திருந்தாள்.

ஈவோவின் நாலு தப்பும் மார்ச்சுக்குப் பிறகு வந்தவை.

அவள் எழுந்து தட்டுகளைக் கழுவினாள். கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்ததை அம்மாதான் நிறுத்தினார்.

எதிர் வீட்டுக் கதவு சங்கிலி அளவுக்குத்தான் திறந்தது. இடுக்கில் ஈவோவின் ஒரு கண் தெரிந்தது.

"திட்ட வந்தியா?"

"இல்ல."

"சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல் வரப்போகுது. இப்பவே சொல்லிட்டேன். போய் தனூதா அத்தைகிட்ட சொல்லிடு."

"ஜூன் மாசத்துல எந்தக் காய்ச்சல் சொல்லிட்டு வருது?" என்றாள் காலினா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஈவோ, அந்த எழுத்து ரொம்ப வேகமா ஓடுது, இல்ல?"

இடுக்கில் இருந்த கண் சிமிட்டாமல் நின்றது.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. நானா யோசிச்சேன்."

கதவு சாத்தப்பட்டது. காலினா காத்திருந்தாள். சங்கிலி கழன்று கதவு முழுசாகத் திறந்தது. ஈவோ வெளியே வந்து மேல் படியில் உட்கார்ந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் பாதி வரி படிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடுது" என்றான் கிசுகிசுப்பாக. "அதுல எழுத்து எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். ஸ்கூல்ல டீச்சருக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. புத்தகம்னா பரவாயில்ல, அது ஓடாது. படத்துல எழுத்தையும் பாக்க முடியாம, ஆளுங்களையும் பாக்க முடியாம போயிடுது. அதனால எழுத்தை விட்டுட்டு ஆளுங்களைப் பாப்பேன்."

"லெக்டர் இருக்கற படமா பாத்திருக்கலாமே?"

"ஒரு பெரிய ரசிகை கிரீடம் வரைஞ்சு எழுதினாளே, நீ படிக்கலையா?"

காலினா தன் செருப்பு நுனியைப் பார்த்தாள். "அது முட்டாள்தனமா எழுதினது."

"கிரீடம் நல்லா இருந்துச்சு" என்றான் ஈவோ.

"சனிக்கிழமைக்கு வேற படம் மாத்திடு. லெக்டர் இருக்கறதா" என்றாள் காலினா.

"மாட்டேன். ஜார்ஜியா மலைமேல ஒரு பள்ளிக்கூடத்துக்கு பியானோ தூக்கிட்டுப் போறாங்க. முன்னோட்டத்துல அது ஒரு கல்லுல இடிச்சுச்சு. அப்ப ஒரு சத்தம் வந்துச்சு பாரு! பியானோவுக்குள்ள யாரோ எழுந்து உக்காந்த மாதிரி. அதை முழுசா கேக்கணும்."

"அப்ப நான் லெக்டரா இருக்கேன்."

"நீயா?"

"எழுத்து ஓட ஓட சத்தமா படிக்கறேன். எனக்கு வேகமா வரும்."

"எல்லாரும் ஏன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். உன் பேரைச் சொல்ல மாட்டேன். முதல்ல ஒத்திகை பாப்போம். எந்தப் படம்?"

ஈவோ யோசித்தான்.

"ஆட்டுப் படம்" என்றான்.

மறுநாள் மாலை காலினாவின் அறையில் அவர்கள் 'ஏழு ஆடுகளும் ஒரு படகும்' படத்தை மறுபடி பார்த்தார்கள். காலினா படித்தாள். ஈவோ முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

"'இந்த அலமாரி படகில் ஏறாது. இங்கேயே இருக்கட்டும்.'"

"'யாருக்காக இருக்கட்டும்?'"

"'காற்றுக்காக.'"

ஈவோ முகவாயை முழங்காலில் வைத்துக்கொண்டான். "அவங்க திரும்பி வரவே மாட்டாங்களா?" என்றான்.

"மாட்டாங்க."

"லெஷெக் மாமாவோட தங்கச்சி... ஐயோ."

கடைசிக் காட்சி வந்தது. படகுத்துறை. எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். காலினா படித்துக்கொண்டே போனாள்.

"இப்ப பாரு! இப்ப பாரு!" என்று ஈவோ கத்தினான். "இடது பக்கம்!"

"எனக்கு எழுத்து..."

"எழுத்தை விடு! அங்க பாரு!"

காலினா கண்ணை மேலே தூக்கினாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளாடு, வயதான அம்மாவின் வைக்கோல் தொப்பியை அவர் தலையிலிருந்தே இழுத்து மென்றுகொண்டிருந்தது. அவர் திரும்பினார். தொப்பியைப் பிடுங்கினார். பாதித் தொப்பிதான் வந்தது. அந்தப் பாதியைத் தலையில் வைத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். அவரைப் பார்த்து மகன் சிரித்தான், மருமகள் சிரித்தாள், படகோட்டியும் சிரித்தான்.

காலினா படத்தை நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். திரும்பப் பார்த்தாள்.

"இது எனக்குத் தெரியவே தெரியாது" என்றாள். "நான் அப்ப கீழே படிச்சுட்டு இருந்திருக்கேன்."

"சொன்னேன்ல, சிரிப்புப் படம்னு!"

"வீட்டை விட்டுப் போறாங்க ஈவோ."

"ஆமா" என்றான் ஈவோ. "ரெண்டுமே நடக்குது, இல்ல?"

அடுத்த நாள் காலை படிக்கட்டில் லெஷெக் மாமாவை ஈவோ பிடித்துக்கொண்டான். "மாமா, மன்னிச்சுக்கோங்க. அவங்க வீட்டைப் பூட்டிட்டுப் போறாங்கன்னு நான் கவனிக்கலை. உங்க தங்கச்சிகிட்டயும் சொல்லிடுங்க."

லெஷெக் மாமா மீசையைத் தடவினார். "சொல்றேன். ஆனா சனிக்கிழமை சனிக்கிழமைதான்" என்றார்.

துணி உலர்த்தும் அறை எங்கள் கட்டடத்தின் உச்சியில் இருக்கிறது. கோடையில் எல்லோரும் பால்கனியில் துணி காயப்போடுவதால் அறை காலியாகக் கிடக்கும். தனூதா அத்தை தன் வீட்டிலேயே பெரிய வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து கொடியில் கிளிப் போட்டு மாட்டினார். அதுதான் திரை. ஜூன் மாதத்தில் எட்டு மணிக்கும் வெயில் போகாது என்பதால் ஜன்னலில் இரண்டு கம்பளிகள் தொங்கின. ஆளுக்கொரு நாற்காலி வந்தது. லெஷெக் மாமா மீன் பிடிக்கப் போகும்போது எடுத்துப் போகும் மடக்கு நாற்காலியோடு வந்தார். ஸ்ட்ராபெரிக் கிண்ணமும் உப்புக் குச்சிகளும் கை மாறிக்கொண்டிருந்தன. கீழ்வீட்டு இரட்டைக் குழந்தைகள் தரையில் படுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இன்னும் படிக்கத் தெரியாது.

"பியானோ மலையேறுகிறது!" என்று தனூதா அத்தை அறிவித்தார். "இதுக்கு லெக்டர் கிடையாதாம். எழுத்துதான்."

"லெக்டர் நான்" என்று காலினா எழுந்தாள்.

"எதுக்கு?" என்றார் லெஷெக் மாமா.

"சின்னப் பசங்க இருக்காங்கல்ல. அப்புறம் நீங்க கண்ணாடி கொண்டுவரலை."

"யார் சொன்னது?" அவர் சட்டைப் பையைத் தட்டினார். கால்சட்டைப் பையைத் தட்டினார். ஒரு பேனாவும் ஒரு தூண்டில் முள் டப்பாவும்தான் கிடைத்தன. "சரி, சரி. படி."

படம் தொடங்கியது. பதினொரு பேர் பியானோவைத் தோளில் தூக்கினார்கள். முன்னால், கயிறும் ரொட்டியும் ஏற்றிய கழுதையோடு வாஜா என்ற ஆள் நடந்தான்.

காலினா நடித்துத் தள்ளினாள். வாஜா பேசினால் தொண்டையிலிருந்து உறுமினாள். பள்ளிக்கூட ஆசிரியை பேசினால் மூக்கால் கீச்சிட்டாள். இரட்டைக் குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்கு உற்சாகம் ஏறியது. திரையில் பியானோ ஒரு பாறையில் இடித்தது. அந்தச் சத்தம் அவளுடைய உறுமலுக்கு அடியில் அமுங்கிப் போனது.

"காலினா" என்று முன் வரிசையிலிருந்து ஒரு கிசுகிசுப்பு. ஈவோ. "சும்மா படி."

"சும்மாதானே படிக்கறேன்?"

"நடிக்காம படி. அழறது, சிரிக்கறது எல்லாம் அவங்க பாத்துப்பாங்க. நீ குறுக்க நிக்காதே."

காலினாவுக்கு முகம் சுட்டது. ஆனால் லெக்டர்களைப் பற்றி அந்த அறையில் அவனுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. அடுத்த வரியிலிருந்து ரயில் நேரம் படிப்பதுபோல் படித்தாள்.

"'இந்த மரப்பெட்டியை ஆற்றில் தள்ளுங்கள். என் கழுதைக்குச் சங்கீதம் பிடிக்காது.'"

"'இன்னும் இரண்டு நாள்தான், வாஜா.'"

"'இரண்டு நாளில் எனக்குக் காலே இருக்காது.'"

வேடிக்கையாக இருந்தது. அவள் குரல் தணிந்ததும் அவளுக்கே வாஜாவின் குரல் கேட்டது. கரகரப்பான, கொஞ்சம் நடுங்கும் குரல். பாறையில் பியானோ இடித்தது. 'ட்டங்ங்ங்...' என்று ஒரு சத்தம் மலையெல்லாம் போய்த் திரும்பி வந்தது. உப்புக் குச்சி கடிக்கும் ஓசைகூட நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் பியானோ பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது. ஆசிரியை வாசித்தார். குழந்தைகள் சுற்றி நின்றார்கள். வாஜா வெளியே கழுதையைக் கட்டிவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். படம் முடிந்தது.

கம்பளியை விலக்கினார்கள். எல்லோரும் கண்ணைக் கசக்கினார்கள்.

"நல்ல படம்தான்" என்றார் லெஷெக் மாமா. "ஆனா அந்த வாஜா! வழி பூரா முணுமுணுப்பு. அந்த மாதிரி ஆளுங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது."

"கண்ணாடி கொண்டுவந்திருந்தா கண்ணாடியிலேயே ஒரு வாஜாவைப் பாத்திருக்கலாம்" என்றார் தனூதா அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் கீழேயிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த தாளை மடியில் விரித்தார். "ஈவோ, சொல்லு."

ஈவோ எழுந்தான். காது இரண்டும் ஸ்ட்ராபெரி நிறத்தில் இருந்தன.

"அந்தப் பியானோ மேல மத்தவங்க எல்லாரையும் விட வாஜாவுக்குத்தான் ஆசை" என்றான்.

காலினா சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா!" என்று லெஷெக் மாமா நாற்காலியில் நிமிர்ந்தார். "ஆத்துல தள்ளுங்கன்னு அவனே சொல்றான். காலினா படிச்சா. படிச்சியா இல்லியா?"

"படிச்சேன்" என்றாள் காலினா. வேறு என்ன சொல்ல முடியும்?

"வாயால அப்படித்தான் சொன்னார்" என்றான் ஈவோ. "ஆனா பியானோ கல்லுல இடிச்சப்ப மத்தவங்க எல்லாம் உடைஞ்சிடுச்சான்னு பாத்தாங்க. அவர் மட்டும் நடக்கறதை நிறுத்தினார். திரும்பிக்கூடப் பாக்கலை. அந்தச் சத்தம் மலையில இருந்து திரும்பி வந்து முழுசா அடங்கற வரைக்கும் நின்னார். அப்புறம்தான் நடந்தார். நாலு தடவை. கடைசில கழுதையை எங்க கட்டினார்?"

"வெளியில" என்றார் தனூதா அத்தை.

"ஜன்னலுக்குக் கீழே. கழுதைக் கொட்டாய் அந்தப் பக்கம் காலியா இருந்துச்சு. இவர் பாட்டு கேக்கற பக்கம் கட்டினார்."

"திரும்பப் போடுங்க" என்றார் லெஷெக் மாமா.

கம்பளி மறுபடி தொங்கியது. இந்த முறை காலினா படிக்கவில்லை. எழுத்தையும் பார்க்கவில்லை. எல்லோரும் வாஜாவின் கால்களை மட்டும் பார்த்தார்கள். பியானோ இடித்தது. கால்கள் நின்றன. சத்தம் மலைக்குப் போய்த் திரும்பி வந்து அடங்கியது. கால்கள் நடந்தன. லெஷெக் மாமா தன் மடக்கு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். விரல் விட்டு எண்ணினார். கடைசியில் வாஜா ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து கழுதையின் காதைத் தடவிக்கொடுத்தபோது அவர் விரித்த கையைத் தூக்கிக் காட்டினார்.

"நாலு இல்ல" என்றார். "அஞ்சு தடவை."

தனூதா அத்தை தாளைச் சுவரில் வைத்துப் பிடித்தார். லெஷெக் மாமா தன் பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து ஈவோவிடம் நீட்டினார். "எழுதுப்பா. நீ பாத்ததை எழுது. நாலு வார்த்தையில முடிக்காதே."

ஈவோ பேனாவை வாங்கிக்கொண்டான். உடனே எழுதவில்லை. காலினாவைப் பார்த்தான். அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டு இல்லை என்று தலையை ஆட்டினாள், 'நான் யாரிடமும் சொல்லவில்லை' என்பதுபோல. அவன் தரையில் படுத்திருந்த இரட்டைக் குட்டிகளைப் பார்த்தான். லெஷெக் மாமாவைப் பார்த்தான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"அடுத்த படத்துக்கு நான் லெக்டரா படிக்கணும். ஆனா எனக்கு எழுத்து மெதுவாத்தான் வரும். ஒவ்வொரு வரிக்கும் படத்தைக் கொஞ்சம் நிறுத்திக்கிட்டு, நான் படிச்சு முடிக்கற வரைக்கும் காத்திருப்பீங்களா?"